அன்றன்றைக்கு ஒன்று

ஆண்டு முடிவில் கணக்குப் பார்ப்பது மனித இயல்பு. வணிகர் வரவு செலவைப் பார்க்கிறார். உழவர் பெய்த மழையையும் வீடு வந்த மூட்டைகளையும் எண்ணிப் பார்க்கிறார். இல்லத்தரசியர் அடைத்த கடனையும் அடைபடாத கடனையும் நினைத்துப் பெருமூச்சு விடுகின்றனர். நோயையும் இழப்பையும் ஏமாற்றத்தையும் எவரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. அவை தாமாகவே நெஞ்சில் பதிந்துவிடுகின்றன. ஆனால் ஓராண்டில் நமக்குக் கிட்டிய சிறு மகிழ்ச்சிகளுக்குக் கணக்கு வைப்பார் அரியர். சிறியவை என்பதாலேயே அவை மறந்து போகின்றன. 2024-ஆம் ஆண்டு முழுவதும் அத்தகைய கணக்கொன்றை எழுதி வைக்கும் வாய்ப்பு எனக்கு வாய்த்தது. அந்த நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்களை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கணக்கு எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இராசிபுரத்தில் வாழ்பவர்கள். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். பிள்ளைகள் இருவரும் வேலை நிமித்தமாக வெளியூர்களில் இருக்கின்றனர். 2023-ஆம் ஆண்டின் திருவருகைக் காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, என் மனைவி கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை மருத்துவம் நடந்தது. பொங்கலுக்குள் வீடு திரும்பிவிட்டோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வாசல் திண்ணைவரை நடக்கலாம்; அதற்கு மேல் வேண்டாம் என்பது மருத்துவர் கட்டளை.

வலி நாளுக்கு நாள் குறைந்தது. ஆனால் மௌனம் நாளுக்கு நாள் கூடியது. எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த மாதம் பேறுகாலம் என்பதும், செவ்வாய்ச் சந்தையில் தக்காளி என்ன விலைக்கு விற்றது என்பதும் அவளுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. அப்படிப்பட்டவள் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு மட்டும் விடை சொல்வாள். கால்களுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளையும் ஏனோதானோ என்று செய்வாள். பிள்ளைகள் தொலைபேசியில் பேசினால், "நல்லா இருக்கறேன்" என்ற இரண்டு சொற்களோடு கருவியை என்னிடம் நீட்டிவிடுவாள். எலும்பு கூடிவிடும், மனம் கூடுமா என்ற அச்சம் எனக்கு எழுந்தது.

சனவரி இறுதியில் ஒரு மாலை, ஊர்ப்புற ஏரிக்கரை வழியாக நடந்து திரும்பினேன். கரையோரச் சேற்றில் மண்ணோடு மண்ணாக நின்றிருந்த ஒரு பறவை, என் காலடி நெருங்கியதும் எழுந்து பறந்தது. எழுந்த கணத்தில் அது தூய வெண்ணிறமாகிவிட்டது! வீட்டிற்கு வந்து, வேறு பேச்சு இல்லாத குறைக்கு இதைச் சொன்னேன். சற்றுப் பொறுத்து அவள் கேட்டாள்: "நின்னா மண்ணு நிறம், பறந்தா வெள்ளை. அதெப்படிங்க ஆகும்?"

பல நாள்களுக்குப் பின் அவள் கேட்ட முதல் கேள்வி அது. விடை தெரிந்துகொள்வதற்காகவே மறுநாள் காலை மீண்டும் ஏரிக்குப் போனேன். அது மடையான், குருட்டுக் கொக்கு என்றும் சொல்வர். முதுகும் மார்பும் பழுப்பு நிறக் கோடுகள் கொண்டவை. சிறகும் வாலும் வெள்ளை. சிறகை மடக்கி நிற்கும்போது முதுகின் பழுப்பு இறகுகள் அந்த வெண்மையை முற்றிலும் மூடிக்கொள்கின்றன. மழை நாளில் வெள்ளை வேட்டியின்மேல் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வயலில் நிற்கும் உழவரைப்போல அது நிற்கிறது. அதனால்தான் மீனும் தவளையும் அதைக் கண்டுகொள்வதில்லை. இதைப் போய்ச் சொன்னதும், "அப்ப அது குருடு இல்லீங்க, பாக்கறவங்கதான் குருடு" என்றாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள்.

அன்றிரவே எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். வெளியே சென்றால் ஒவ்வொரு நாளும் அவளுக்கென ஒரு செய்தி கொண்டுவர வேண்டும். அது என் கண்ணால் கண்டதாகவோ, நானே தேடி அறிந்ததாகவோ இருக்க வேண்டும். செய்தித்தாளில் வந்தது ஆகாது. பிறர் வீட்டுக் குறை ஆகாது. மகிழ்ச்சி தருவதாக இருக்க வேண்டும். இரவில் அதை ஒரு வரியில் நாட்குறிப்பில் எழுதிவிட வேண்டும். மளிகைக் கடைக்காரர் புத்தாண்டுக்குத் தந்திருந்த நாட்குறிப்பு இதற்குப் பயன்பட்டது.

இவ்வாறு சேர்ந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று ஜவ்வரிசியைப் பற்றியது. திருநாள்தோறும் எங்கள் வீட்டில் ஜவ்வரிசிப் பாயசம் உண்டு. "நாப்பது வருசமாக் காய்ச்சறேன், இது எப்படி உருண்டையாகுதுன்னு தெரியாதுங்க" என்று அவள் ஒரு நாள் சொன்னாள். சேலம் – ஆத்தூர் சாலையில் என் பழைய மாணவர் ஒருவர் பணிபுரியும் ஆலைக்குப் போனேன். மரவள்ளிக் கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைக்கிறார்கள். அந்தப் பாலை வடிகட்டித் தொட்டிகளில் தெளிய விடுகிறார்கள். அடியில் வெண்ணிற மாவு படிகிறது. எஞ்சிய சக்கைக்குத் திப்பி என்று பெயர். உலர்த்திக் கால்நடைத் தீவனமாக்குகிறார்கள். ஈர மாவை உதிர்த்து, நீண்ட துணியில் இட்டு இயந்திரத்தால் இப்படியும் அப்படியும் ஆட்டும்போது, துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு மணிமணியாகத் திரள்கின்றன. பிறகு சல்லடையில் சலித்து, சூடான தகட்டில் வாட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள். சிமெந்துக் களம் முழுவதும் வெண்மணிகள் பரந்து கிடக்கும் காட்சி கண்ணைக் கூசச் செய்தது.

உண்மையான சவ்வரிசி கீழ்த்திசைத் தீவுகளில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்படுவது. இரண்டாம் உலகப் போரின்போது அந்த இறக்குமதி தடைப்பட்டது. அப்போது, 1943-ஆம் ஆண்டையொட்டி, மரவள்ளியைக் கொண்டு அதைச் செய்யும் தொழில் சேலத்தில் தொடங்கியது. உற்பத்தியாளருக்கென 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் 1981-இல் ஏற்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. போரினால் வந்த தட்டுப்பாடு ஒன்று, வானம் பார்த்த இந்தச் சமவெளியின் உழவருக்கு ஒரு பயிரையும் தொழிலாளருக்கு வேலையையும் தந்திருக்கிறது. இவ்வளவையும் நான் விரித்துரைத்தேன். அவள் மனத்தில் தைத்தது வேறொன்று. "அப்ப, தொட்டில்ல போட்டு ஆட்டித்தான் உருண்டையாக்கறாங்க!" என்றாள். அதன்பின் எங்கள் வீட்டில் பாயசம் காய்ச்சும் போதெல்லாம் இந்தப் பேச்சு வருகிறது.

மற்றொன்று நாவின் இன்பம். சேலத்து மாலை நேரத் தெருக்களின் தட்டுவடை செட் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கையளவினும் சிறிய மொறுமொறுப்பான இரண்டு தட்டுவடைகள். இடையே சீவிய காரட், பீட்ரூட், வெங்காயம். கொத்தமல்லிச் சட்னி ஒன்று, பூண்டு மிளகாய்ச் சட்னி ஒன்று. அதையே உடைத்துக் கலந்து தந்தால் நொறுக்கல். இவளுக்கு வாங்கிப் போகலாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். "இராசிபுரம் போறதுக்குள்ள நமத்துப் போயிடுமுங்க ஐயா" என்று கூறி, வடையைத் தனியாகவும் காய்களைத் தனியாகவும் சட்னிகளைத் தனித்தனிப் பொட்டலமாகவும் கட்டிக் கொடுத்தார். வீட்டில் அதை அடுக்குவதற்காக அவள் அடுக்களை மேடையருகே வந்தாள். வாக்கரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, மேடையில் சாய்ந்தபடி பத்து நிமிடம் நின்று, ஒவ்வொன்றாக அடுக்கினாள். அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்கும் பங்கு போயிற்று. முறிவுக்குப் பின் அவள் பிடியின்றி நின்ற முதல் பத்து நிமிடம் அதுதான். நாட்குறிப்பில் அன்று தட்டுவடை செட் என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். அதன் கீழே இரண்டு கோடுகள் போட்டிருக்கிறேன்.

கோடை வந்தது. அவ்வாண்டு மேட்டூர் அணையில் நீர் மிகவும் வற்றிவிட்டது. மே மாதத்தில் கொளத்தூர்ப் பக்கம் பண்ணவாடி பரிசல் துறைக்குப் போய் வந்தேன். 1925 முதல் 1934 வரை அணை கட்டப்பட்டபோது, நீர்த்தேக்கப் பகுதியில் இருந்த ஊர்களின் மக்கள் வேறிடங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுச் சென்ற சலகண்டேசுவரர் ஆலயத்தின் நந்தியும், கிறித்தவ ஆலயம் ஒன்றின் இரட்டைக் கோபுரங்களும் தண்ணீருக்குள் நின்றுவிட்டன. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் இவை வெளிப்படுகின்றன. வெடித்த சேற்று நிலத்தில் நடந்து போய் அந்தக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தேன். சாந்து உதிர்ந்து, செங்கல் அரித்து, ஆனாலும் நிமிர்ந்து நின்றன. சற்றுத் தொலைவில் நந்தி, தனக்குரிய ஆலயத்தை நோக்கி அமர்ந்திருப்பதைப்போல அமர்ந்திருந்தது. இரு சமயத்தாரும் ஒரே நாளில் ஊரைவிட்டு வண்டி கட்டியிருப்பார்கள் என்று தோன்றியது.

இதைக் கேட்டு அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "கோபுரத்தச் சொல்றீங்க. அந்தப் பொம்பளைங்க அடுப்ப எடுத்துட்டா போயிருக்க முடியும்? போன எடத்துல மறுபடி மண்ணக் கொழச்சு, புதுசா அடுப்புப் போட்டிருப்பாங்க" என்றாள். அவள் யாரை நினைத்துச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் கால் பயிற்சியை அவளாகவே தொடங்கினாள். சூலை 30 அன்று அணை 120 அடி முழுக் கொள்ளளவை எட்டியது. கோபுரங்கள் மீண்டும் நீருக்குள் போய்விட்டன என்ற செய்தியை அன்று மாலை அவளிடம் சொன்னேன். "பத்திரமா இருக்கட்டும்" என்றாள்.

நூலினால் கிடைத்ததும் ஒன்று உண்டு. தத்துவ போதகர் எனத் தமிழர் அழைத்த இராபர்ட் தெ நோபிலி அடிகளாரை மதுரையோடு சேர்த்தே நாம் நினைக்கிறோம். 1623-ஆம் ஆண்டில் அவர் மதுரையை விட்டுப் புறப்பட்டு, சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தார் என்பதை ஒரு பழைய நூலில் படித்தேன். உரோமையில் 1577-இல் பிறந்த அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது கடந்திருந்தது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் பேருந்தில் எத்தனையோ முறை நான் போயிருக்கிறேன். அவ்வழியில் நாலு நூற்றாண்டுகளுக்கு முன் அவரும் கொல்லிமலையை எதிரே கண்டபடி வந்திருப்பார் என்று எண்ணியபோது, பழகிய சாலை புதிய சாலையாயிற்று. "தார் ரோடு இல்லாத காலத்துல மதுரையிலிருந்தா?" என்று அவள் வியந்தாள். அந்த வாரம் வாசல்படி இறங்கித் தெருமுனை வரை நடந்து காட்டினாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

சிறு குறிப்புகள் பல. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில், ஓவியர் ஒருவர் அளவுகோலும் வரைகோடும் இன்றி, ஒரே இழுப்பில் தாமரை இதழ் வரைந்ததை நின்று பார்த்த பகல். ஐப்பசியில் மழை ஓய்ந்த மாலை, கொல்லிமலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பது போலத் தெரிந்த கால் மணி நேரம். சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில், ஏரியைத் தூர்வாரிய மண்ணைக் கொண்டு 2010-இல் அமைத்த தீவுத் திட்டுகள் இன்று மரமடர்ந்து நிற்க, மாலையில் நீர்க்காகங்களும் கொக்குகளும் அவற்றில் வந்து அடைந்த ஆரவாரம். நுங்கு வெட்டுபவர் மூன்று கண்களும் சிதையாமல் திறந்து தந்த நேர்த்தி. இவை எவற்றிற்கும் பேருந்துக் கட்டணத்திற்கு மேல் செலவில்லை. பலவற்றிற்கு அதுவும் இல்லை.

இத்தனையும் நான் கொண்டுவந்தவை. ஆண்டின் மிகச் சிறந்த கண்டுபிடிப்போ வீட்டைவிட்டு நகராதவள் செய்தது. எங்கள் முன்னறைக்குக் கிழக்கு நோக்கிய சாளரம் ஒன்றுண்டு. காலை ஏழரை மணிக்கு அதன் வழியே வெயில் தரையில் ஒரு கட்டமாக விழும். அந்தக் கட்டம் நாளாக நாளாக இடம் மாறுவதை அவள் கவனித்திருக்கிறாள். என் பழைய சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்து, வாக்கரின் நுனியில் கட்டி, மாதந்தோறும் அதன் ஓரத்தைக் கோடிட்டு வந்திருக்கிறாள். பிப்ரவரியில் வடக்குச் சுவரையொட்டி இருந்த கோடு, ஆனி மாதத்தில் தெற்கே வெகுதூரம் சென்று, அங்கே சில நாள் தயங்கி, மறுபடி வடக்கு நோக்கித் திரும்பிவிட்டது. உத்தராயணம், தட்சிணாயணம் என்று பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பாடம், எங்கள் வீட்டுத் தரையில் அவள் கையால் எழுதப்பட்டிருந்தது!

அந்த உற்சாகத்தில் அவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். நம் பகுதியில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும், நண்பகலில் கதிரவன் நேர் உச்சிக்கு வரும். அப்போது நிமிர்ந்து நிற்கும் பொருளுக்குப் பக்கவாட்டில் நிழல் விழாது. ஆகஸ்டில் அந்த நாளில், பன்னிரண்டேகால் மணிக்கு மேல், உலக்கையை முற்றத்தில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டோம். மேகம் விலகியது. உலக்கை நின்றது, நிழல் இல்லை. இருவரும் குழந்தைகளைப்போல் மகிழ்ந்தோம். எழுபதை நெருங்கும் கணவனும் மனைவியும் உச்சி வெயிலில் உலக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த அண்டை வீட்டார் என்ன நினைத்தார்களோ!

இப்போது கணக்கைக் கூட்டிப் பார்க்கிறேன். நாட்குறிப்பில் எழுதாத பக்கங்களும் உண்டு. என் தமையனார் மறைந்த வாரம் வெறுமையாகவே இருக்கிறது. மனைவியின் கால் முழுமையாகப் பழைய நிலைக்கு வரவில்லை. ஆண்டிறுதியில் வாக்கர் போய்க் கைத்தடி வந்திருக்கிறது. கிறிஸ்து பிறப்புத் திருப்பலிக்கு ஆட்டோவில் வந்து, கடைசி வரிசையில் நாற்காலியில் அமர்ந்து பங்கு கொண்டாள். படியேறும் இடங்களுக்கும், கூட்ட நெரிசலான சந்தைக்கும் இனி அவள் போவது அரிது என்றே மருத்துவர் கூறுகிறார். இன்பக் கணக்கு துன்பக் கணக்கைக் கழித்துவிடவில்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. ஆயினும், முன்னர் ஒன்று மட்டுமே எழுதப்பட்டு வந்தது; இப்போது இரண்டும் எழுதப்படுகின்றன.

இந்த ஓராண்டில் நான் தெளிந்துகொண்டது இதுதான். கண்ட இன்பத்தைக் கேட்க ஒருவர் காத்திருந்தால், கண் கூர்மையாகிறது. மடையானை நான் தனியே கண்டிருந்தால், கண்டு வியந்து, கரை தாண்டுமுன் மறந்திருப்பேன். "எப்படிங்க?" என்று ஒருத்தி கேட்டதனால்தான் இரண்டாம் முறை போனேன், இரண்டாம் முறை போனதனால்தான் அதை அறிந்தேன். நான் அவளுக்குச் செய்தி கொண்டுவந்தேன் என்று எண்ணியிருந்தேன். அவள் எனக்குக் கேள்வி தந்துகொண்டிருந்தாள். இருவருள் யார் யாருக்கு அதிகம் கொடுத்தார் என்பதை இந்தக் கணக்கில் என்னால் பிரித்தெழுத முடியவில்லை.

நம் பங்குகளில், திண்ணையைத் தாண்ட இயலாத ஒருவர் இல்லாத தெரு இல்லை. முதியவர், நோயுற்றவர், விழுந்தெழுந்தவர் எனப் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் பழம் வாங்கிப் போகிறோம். மருந்து வேளைக்குக் கிடைக்கிறதா என்று விசாரிக்கிறோம். இவை தேவைதான். இவற்றோடு, வெளியே நாம் கண்ட நல்லது ஒன்றையும் கொண்டுபோவோம். பெரியதாக இருக்க வேண்டியதில்லை. பிறர் குறையாக மட்டும் இருக்க வேண்டாம். சொல்லிவிட்டு உடனே எழுந்துவிடாமல், அவர்கள் ஒரு கேள்வி கேட்கும்வரை உட்கார்ந்திருங்கள். முதல் நாளே கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஆயிற்று.